நாலாயிரம் அடியில் ஒரு கேள்வி

தென் கலிஃபோர்னியாவில் வேலையும் குடித்தனமுமாக இருந்துகொண்டு, அக்டோபர் பிறந்ததும் வாட்ஸப் குழுவில் ‘இந்த வருஷம் ஸ்கைலைன் ஏறிடலாமா?’ என்று கிளப்பிவிடும் தமிழ் நண்பர்களுக்கு,



கிராண்ட் கேன்யனில் கோடைக் காலையில் இறங்கப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பாதை தொடங்கும் இடத்தில் தொப்பி போட்ட ஒருவர் நின்றிருப்பார். அதட்ட மாட்டார். எதுவரைக்கும் போகிறீர்கள், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, சாப்பிட என்ன கொண்டுவந்தீர்கள் என்று சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்பார். 1996 கோடையில் அடுத்தடுத்து வெப்பச் சாவுகள் நேர்ந்த பின், 1997-இல் பூங்கா நிர்வாகம் தொடங்கிய ஏற்பாடு அது. விழுந்தவரைத் தூக்கிவர ஹெலிகாப்டர் அனுப்புவதற்குப் பதில், விழப்போகிறவரிடம் முன்னாலேயே நாலு வார்த்தை பேசிவிடுவது. ஸ்கைலைன் பாதை தொடங்கும் பாம் ஸ்பிரிங்ஸ் கலை அருங்காட்சியகத்தின் ஓரத்தில், விடியற்காலை இரண்டு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நீங்கள் நிற்கும்போது அப்படி யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அந்தத் தொப்பிக்காரரின் வேலையைத்தான் இந்த மடல் செய்யப் பார்க்கிறது.

முதலில் மலையின் கணக்கு. அருங்காட்சியகம் இருப்பது கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 480 அடியில். சான் ஹஸின்டோ சிகரம் 10,834 அடி. இடையில் உள்ள வழிக்கு ‘கேக்டஸ் டு கிளவுட்ஸ்’ என்று பெயர். கள்ளியில் தொடங்கி மேகத்தில் முடிவது. முதல் பகுதிதான் ஸ்கைலைன் பாதை. சுமார் 16 கிலோமீட்டர் நடையில் 8,000 அடி ஏறி, லாங் வேலி என்ற மேட்டுச் சமவெளியில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சிகரத்துக்குப் போய்த் திரும்ப இன்னொரு 17 கிலோமீட்டர் ஆகும். ஊர்க்கணக்கில் சொன்னால், மேட்டுப்பாளையத்துக்கும் கீழே எங்கோ கிளம்பி, ஒரே நாளில் தொட்டபெட்டா உச்சியைத் தொட்டு, அங்கே உட்காராமல் மேலும் 2,000 அடி ஏறுவதுபோல. ‘பேக்பேக்கர்’ இதழ் அமெரிக்காவின் மிகக் கடினமான ஒரு நாள் நடைகளில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

லாங் வேலியில் ரோப் கார் நிலையம் இருக்கிறது. பழனி ரோப் காரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 1963-இலிருந்து ஓடுகிறது, ஊர்க்காரர்கள் ‘டிராம்’ என்பார்கள். பெட்டியின் தளம் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க, பத்தே நிமிடத்தில் பாலைவனத்து அடிவாரத்திலிருந்து பைன் மரக் காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். நீங்கள் ஒன்பது மணி நேரம் தவழ்ந்து மேலே வந்து சேரும்போது, ரப்பர் செருப்போடு வந்த குடும்பங்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டிருக்கும். நிறையப் பேரை மாட்டவைப்பதும் இந்த டிராம்தான். ‘எப்படியாவது மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், இறங்குவதற்குப் பெட்டி இருக்கிறது’ என்ற நினைப்பு முதல் அடியிலிருந்தே மண்டைக்குள் உட்கார்ந்துகொள்கிறது.

மற்ற மலைகளில் முடியாமல் போனால் இறங்குவோம். இறங்க இறங்க உடம்புக்குச் சுகம். மூச்சு சீராகும், ஊர் வரும், டீக்கடை வரும். வெள்ளியங்கிரியில் ஐந்தாவது மலையில் முட்டி பிடித்துக்கொண்டால் மூங்கில் தடியை ஊன்றி மெல்லக் கீழே வந்துவிடலாம். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று தண்ணீரும் உண்டு. ஸ்கைலைனில் எல்லாம் தலைகீழ். வெயில் கீழே இருக்கிறது. மலையின் கிழக்குச் சரிவில் போகும் பாதை என்பதால் சூரியன் எழுந்த நிமிடமே முதுகில் அறைகிறது. காலை பத்து மணிக்கு 6,000 அடியில் ஒருவர் களைத்துத் திரும்பினால், அவர் ஐந்து மணி நேரம் நடந்து இறங்கப்போவது அடுப்புக்குள். அவர் அடிவாரத்துக்கு வரும் நேரமும் அங்கே வெயில் உச்சிக்கு ஏறும் நேரமும் ஒன்றாக இருக்கும். வழியில் ஒரு சொட்டு ஊற்றும் கிடையாது. இறங்கும்போது பாதையைத் தவறவிட்டு வேறு ஓடைப்பள்ளத்தில் இறங்கி, செங்குத்துப் பாறையில் போய் முட்டிக்கொண்டவர்களும் உண்டு.

ஆகவே இந்த மலையில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் திரும்புவது என்ற வழியே அடைபட்டுப்போகிறது. அதன்பின் பிழைக்கும் வழி மேலே மட்டும்தான். அந்த உயரத்தை, மாட்டிக்கொள்ளாதபடி கொஞ்சம் இடைவெளி விட்டு, 4,000 அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: விடிந்துவிட்டதா? அக்டோபர் கடைசியில் சூரியன் ஏழு மணியளவில் எழும். அதற்குள் 4,000 அடியைத் தொடாதவர், அல்லது கொண்டுவந்த தண்ணீரில் பாதிக்குமேல் தீர்த்துவிட்டவர், அல்லது சாப்பிட்டது வயிற்றில் நிற்காதவர், அங்கிருந்து திரும்ப வேண்டும். ஒன்பதரைக்குள் காருக்கு வந்துவிடலாம், இட்லிக்கடை தேடலாம். இதை அங்கே நின்று விவாதிக்கக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து, ஏசி அறையில், எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்துவிட வேண்டும். மலையில் நின்று எடுக்கும் முடிவில் வீம்பும் சேர்ந்துகொள்ளும். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு’ என்ற வாக்கியத்துக்கு எந்தப் பாலைவனத்திலும் நல்ல பெயர் கிடையாது.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய ஸ்காட்லாந்துக்காரரைத் துணைக்கு அழைக்கலாம். வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் மலையேறிகள் கையில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்கில் லாங் வேலிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். சிகரம் போய்வர மேலும் ஐந்து மணி நேரம் பக்கம். மொத்தம் பன்னிரண்டு. இதில் உட்கார்ந்தது, காலணிக்குள்ளிருந்து கல் எடுத்தது, படம் பிடித்தது எதுவும் சேரவில்லை. முதுகில் ஆறு கிலோ தண்ணீரும் சேரவில்லை. நைஸ்மித் கணக்குப் போட்டது குளிர்ந்த நாட்டில், தேறிய கால்களுக்கு. உங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ அவருக்குப் பதினைந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தைத் தீர்மானியுங்கள். இரண்டு மணிக்குக் கிளம்புவது வீரத்துக்காக அல்ல என்பது அப்போது புரியும்.

சிகரத்தை விட்டுவிட்டு லாங் வேலியோடு முடித்துக்கொண்டால் அவமானம் ஒன்றுமில்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு அதுவே நல்ல யோசனை.

இனித் தண்ணீர். சென்னையில் வளர்ந்த உடம்புக்கு வெயிலைப் பற்றி ஒரு பாடம் பதிந்திருக்கிறது: வேர்த்துக் கொட்டினால் குடி. மே மாதத்து மாம்பலத்தில் சட்டை முதுகோடு ஒட்டும், கைக்குட்டையைப் பிழியலாம், உடம்பில் எவ்வளவு போகிறது என்று கண்ணாலேயே தெரியும். பாம் ஸ்பிரிங்ஸின் வறண்ட காற்றில் வியர்வை தோலுக்கு வந்ததும் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். ‘எனக்கு அவ்வளவா வேர்க்கலியே’ என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணிக்கு ஒரு லிட்டர் போய்க்கொண்டிருக்கலாம். கன்னத்தைத் தடவிப் பாருங்கள். பொடி உப்பு நறநறக்கும். பை வாரின் ஓரத்தில் வெள்ளைக் கோடு கட்டியிருக்கும். தாகத்துக்கு முன்னால் வந்துசேரும் செய்தி அந்தக் கோடுதான்.

ஐந்து லிட்டருக்குக் குறைவாகத் தூக்கிக்கொண்டு ஸ்கைலைனில் கால்வைக்கக் கூடாது. வெக்கை கூடிய நாள் என்றால் ஆறு, ஏழு. ஒரு லிட்டர் ஒரு கிலோ, பேரம் பேச இடமில்லை. வழியில் ஓரிரு இடங்களில் தன்னார்வலர்கள் அவசரத்துக்கென்று வைத்த பெட்டிகளைப் பார்ப்பீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம். அது உயிர் போகிறவனுக்கு வைத்தது. அதை நம்பித் தன் பாட்டிலைக் குறைத்துக்கொண்டு வருகிறவனுக்கு அல்ல. குழாய்த் தண்ணீர் லாங் வேலி ரேஞ்சர் நிலையத்தில்தான் கிடைக்கும். உறைபனிக் காலத்தில் அதையும் மூடிவிடுவது உண்டு என்பதால் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மட்டும் குடித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். முடிவு 2005-இல் வெளியானது. நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு இரத்தத்தில் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. காரணம் தண்ணீர்ப் பஞ்சமில்லை, வழியெல்லாம் நிறுத்தாமல் குடித்தது. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் நீரை ஊற்ற ஊற்ற மிச்ச உப்பும் நீர்த்துப்போகிறது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் நீரிழப்பின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், பக்கத்தில் இருப்பவர் ‘இன்னும் குடி, இன்னும் குடி’ என்று நல்ல மனசோடு நிலைமையை மோசமாக்குவார். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகினால், அடிக்கடி பளிங்குபோலச் சிறுநீர் போனால், குடிப்பதை நிறுத்தி உப்பாக எதையாவது கொடுங்கள்.

இந்த விஷயத்தில் நம் சமையலறை யாருக்கும் இளைத்ததில்லை. எனர்ஜி பார், ஜெல் என்று கடையில் கொட்டிக் கிடப்பவற்றில் பாதி வெறும் இனிப்பு. மூன்றாவதைத் தின்னும்போதே நாக்கு மறுத்துவிடும். நல்லெண்ணெய் தளர ஊற்றிக் கிளறிய புளியோதரை இரவு கட்டினால் மறுநாள் மதியம்வரை கெடாது. உப்பு, புளிப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே உருண்டையில் இருக்கின்றன. வறுத்த வேர்க்கடலை, ஊறுகாய்ப் பொட்டலம் சேர்த்துக்கொள்ளலாம். தயிர்சாதத்தை வீட்டில் விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் பத்து மணிக்கே புளித்துப் பொங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் இரண்டு கவளம்.

முட்டி வலிக்கும் என்று முன்கூட்டியே ஐபுபுரூஃபன் மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது வேறு மலைக்குப் போங்கள்.

உடம்புத் தெம்பு ஒன்றே போதும் என்று நம்புகிறவர்களுக்காக ஒரு சம்பவம். 2004 ஜூலையில் கிராண்ட் கேன்யனுக்குள் இரண்டு பேர் ஓடப்போனார்கள். அவர்களில் ஒருவர் அதே ஆண்டு பாஸ்டன் மாரத்தானை மூன்று மணி நேரச் சொச்சத்தில் முடித்த இளம்பெண். போக நினைத்த தூரம் ஒன்று, பாதையின் உண்மைத் தூரம் அதைவிட வெகு அதிகம். அந்தப் பெண்ணின் கையில் இருந்தது ஒன்றரை லிட்டர் அளவு தண்ணீர். பாதி வழியில் இருவரும் பிரிந்தார்கள். துணைக்கு வந்தவர் களைத்து ஒதுங்கிவிட, அந்தப் பெண் உதவி தேடித் தனியே போனார். பின்னால் தங்கியவர் பிழைத்தார். ஆனால் இன்னொருவர் உள்ளே இருக்கிறார் என்ற செய்தி உரிய நேரத்தில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. பூங்காக்காரர்கள் பின்னாளில், உயிரிழந்த அந்தப் பெண்ணின் கதையையே எச்சரிக்கைச் சுவரொட்டியாகப் போட்டார்கள்.

உங்கள் குழுக்களுக்கு அந்தக் கதையில் பார்க்க வேண்டிய இடம் அவர்கள் பிரிந்த இடம். பன்னிரண்டு பேர் கிளம்புவார்கள். ஒரு மணி நேரத்தில் வேகக்காரர் நால்வர் கண்ணுக்கு மறைவார்கள், கடைசியில் ஒருவர் தனியே மூச்சிரைத்துக்கொண்டிருப்பார். ‘மேலே பார்க்கலாம் ப்ரோ’ என்று குழுவில் செய்தி வரும், அதுவும் சிக்னல் இருந்தால். பன்னிரண்டு பேர் ஒரே குழுவாக ஏறவே முடியாது; மூன்று நால்வர்களாகப் பிரித்துவிடுங்கள், ஒவ்வொரு நால்வரிலும் மெதுவானவர் முன்னால் நடக்கட்டும். திரும்புகிறவர் ஒருபோதும் தனியே திரும்பக் கூடாது. இன்னொருவர் கூட இறங்க வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதும் வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

கூட வருபவர் உளற ஆரம்பித்தால், நடை கோணினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது களைப்பு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். உள்ளுடம்பு 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறுகிற நிலை அது. வெப்பத்தாக்கு என்பது இதுதான். வேர்வை இருந்தாலும் இருக்கும், அதை வைத்து ஏமாறக் கூடாது. நிழலில் கிடத்தி, இருக்கும் தண்ணீரை உடம்பில் ஊற்றி, தொப்பியோ அட்டையோ வைத்து விசிறுங்கள். குளிர்விப்பது முதலில், தூக்கிப்போவது அப்புறம். சுயநினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 911-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். இந்தப் பக்கத்து மலைகளில் ஏறிவந்து தேடுகிற ரிவர்சைடு மலைமீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள்; மீட்டதற்குப் பில் போடுவதில்லை. பில்லுக்குப் பயந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பருத்தித் துண்டு ஆளுக்கொன்று வேண்டும். நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் அரை மணி நேரம் தாங்கும். மலையேற்றக் கடைக்காரர் பருத்தியைக் கண்டால் முகம் சுளிப்பார். குளிர்மலையில் அவர் சொல்வது சரி, 5,000 அடிக்குக் கீழே இங்கே துண்டுதான் சரி. மேலே போனதும் அதை உள்ளே வைத்துவிட்டுக் காற்றுத் தடுக்கும் சட்டையை எடுங்கள்.

ஏனென்றால் மேலே இன்னொரு மலை காத்திருக்கிறது. லாங் வேலிக்குக் கடைசி ஆயிரம் அடி கிரப்ஸ் நாட்ச் என்ற கணவாய்க்குச் செங்குத்தாக ஏறும். கால் ஏற்கெனவே செத்திருக்கும் நேரத்தில் வருகிற மிகக் கடினமான துண்டு அது. அதற்கு முன்னால் சரிவைக் குறுக்காகக் கடக்கும் பாதையில் குளிர்காலத்தில் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும். கீழே டி-ஷர்ட் வெயில், மேலே வழுக்கினால் நிற்காத பனி. இந்தப் பாதையில் வெப்பத்தில் இறந்தவர்களும் உண்டு, பனியில் சறுக்கி இறந்தவர்களும் உண்டு. காலுக்கு முள்தகடும் கையில் பனிக்கோடாரியும் இல்லாமல், இரண்டையும் பயன்படுத்திப் பழகாமல், பனி விழுந்த பிறகு இங்கே வரக் கூடாது. நடிகர் ஜூலியன் சாண்ட்ஸ் 2023 ஜனவரியில் காணாமல்போனது இதே தென் கலிஃபோர்னியாவின் மவுண்ட் பால்டியில். அவர் வெகுகாலம் மலையேறிப் பழகியவர். உடல் கிடைத்தது ஜூன் மாதத்தில்.

கோடைக்கோ ஒரே வரி: போகாதீர்கள். 2024 ஜூலை 5 அன்று பாம் ஸ்பிரிங்ஸில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது, அந்த ஊர் கண்ட உச்சம். அடுத்த மாநிலத்து ஃபீனிக்ஸில் 2021 கோடையில் கேமல்பேக் மலையில் மீட்புக்கு ஏறிய தீயணைப்பு வீரர்களே வெப்பத்தில் சுருண்டு விழ, கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகல் 11 மணி முதல் மாலை 5 வரை பாதைகளை மூட நகராட்சி உத்தரவிட்டது. கேமல்பேக்கின் ஏற்றம் வெறும் 1,300 அடி அளவுதான். இந்த நிலத்தின் பூர்வகுடிகளான கவீயா மக்கள் கோடை முற்றியதும் மேலே பள்ளத்தாக்குகளுக்கும் காட்டுக்கும் குடிபெயர்ந்து, குளிருக்குக் கீழே இறங்கிவந்தவர்கள். வெயிலோடு மல்லுக்கட்டும் எண்ணம் அந்த வழக்கத்தில் இல்லை.

சின்ன விஷயம் ஒன்று: ஒரு சீப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சோய்யா (cholla) என்ற கள்ளியின் உருண்டை உரசினாலே பிய்ந்து ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கப்போனால் கையில் ஏறிக்கொள்ளும். சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே கொடுத்து ஒரு சுண்டு சுண்டினால் தெறித்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மூன்று வேலை இருக்கிறது. டிராம் ஓடுகிறதா என்று பாருங்கள். செப்டம்பரில் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், காற்று முற்றினாலும் நிற்கும், 2019 பிப்ரவரி மழையில் சாலை அரித்துப்போய் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. அது ஓடவில்லை என்றால் பயணமும் இல்லை. பாதையின் வரைபடத்தைச் சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், முதல் இரண்டு மைலில்தான் கிளைவழிகள் அதிகம் குழப்பும். வீட்டில் இருப்பவரிடம் எந்தப் பாதை, யார் யார், இரவு எத்தனை மணிக்குள் பேச்சுமூச்சு இல்லையென்றால் 911-ஐக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸப்பில் போட்டால் நாற்பது குட்மார்னிங் படத்துக்குக் கீழே போய்விடும்.

கடைசியாக, கார் சாவி. டிராமில் இறங்கினால் நீங்கள் வந்து நிற்பது வேறு இடத்தில்; அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு டாக்ஸி பிடிக்க வேண்டும். அதனால் சாவியை வழக்கமாகக் குழுத்தலைவர் பையில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறிவிடுவார். 4,000 அடியில் திரும்பியவர் காலை ஒன்பதரைக்குக் கீழே வந்து, பூட்டிய காருக்குப் பக்கத்தில், நிழல் தேடி நிற்பார். டிக்கியில் ஐஸ் பெட்டியும் குளிர்ந்த மோரும் இருக்கும், திறக்க முடியாது. இரண்டு சாவி எடுத்துவாருங்கள். ஒன்று, அன்றைக்குத் திரும்பக்கூடும் என்று எல்லோருக்கும் தோன்றுகிற, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த நண்பரிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்